'ரூபி' என்பது கம்பெனியின் பெயரா?

ஆரியங்காவிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "என் பூட்டனார் செங்கோட்டை–புனலூர் ரயில் பாதையில் வேலை பார்த்தவர். அவருடைய செயின் கடிகாரம் இப்போது என்னிடம் வந்திருக்கிறது. வெள்ளைப் பீங்கான் டயலில் எந்தப் பெயரும் இல்லை. பின்மூடிக்குள் இன்னொரு மூடி இருக்கிறது. அதில் 'ரெமான்டாயர், ஆன்க்ரே, 15 ரூபிஸ்' என்று செதுக்கியிருக்கிறது. பின்மூடியின் உட்புறத்தில் ஒரு பறவை முத்திரை, 0.800 என்ற எண், ஆறு இலக்க எண் ஒன்று, ஊசியால் கீறியது போல 1098. நகைக்கடையில் காட்டியபோது ரூபி கம்பெனி என்றார்கள். இதைச் செய்தவர் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?"

முதலில் அந்த ரூபியைப் பார்த்துவிடுவோம். உள்மூடியில் உள்ளவை பிரெஞ்சுச் சொற்கள். ஆங்கிலமாக நினைத்துப் படித்தால் கம்பெனிப் பெயர் போலத்தான் தோன்றும். 'ரெமான்டுவார்' என்றால் தனிச் சாவி தேவையில்லை, மேலுள்ள திருகையே திருப்பிச் சாவி கொடுக்கலாம் என்று பொருள். 'ஆன்க்ர்' என்றால் நங்கூரம். பற்சக்கரத்தைத் தடுத்துத் தடுத்து விடும் உறுப்பு நங்கூர வடிவில் இருப்பதால் வந்த பெயர். 'ரூபி' என்பது அச்சுகள் தேயாமல் சுழல்வதற்காகப் பதித்த சிவப்புக் கற்கள். உங்கள் கடிகாரத்தில் அப்படி 15 கற்கள். சுவிட்சர்லாந்தில் எத்தனையோ பட்டறைகள் இதே சொற்களைச் செதுக்கி அனுப்பின. செய்தவரைப் பற்றி இவை எதுவும் சொல்லவில்லை. ஆனால் தரத்தைச் சொல்கின்றன: நங்கூர வகை, 15 கல் என்பது அந்தக் காலத்தில் நல்ல பொருள். உங்கள் பூட்டனார் யோசித்துத்தான் வாங்கியிருக்கிறார்.

அந்தப் பறவை ஒரு காட்டுக்கோழி. ஆயிரத்தில் 800 பங்கு வெள்ளி என்று சுவிஸ் அரசு சோதித்துக் குத்திய முத்திரை அது. 1882இல் நடைமுறைக்கு வந்தது. ஆகவே நாடு சுவிட்சர்லாந்து, காலம் 1882க்குப் பின். ஒரு கரடி இருந்தால் 0.875, மூன்று கரடிகள் இருந்தால் 0.935 தர வெள்ளி. அணில் என்றால் 14 காரட் தங்கம். நடக்கும் சிங்கம் என்றால் இங்கிலாந்து முத்திரை. கூடவே ஊர்ச் சின்னமும் ஆண்டைக் குறிக்கும் எழுத்தும் இருப்பதால் வேலை எளிது. 'அர்ஜென்டான்' என்று எழுதியிருந்தால் வெள்ளி என்று நம்ப வேண்டாம், அது நிக்கல் கலந்த உலோகம். ஒன்றை மறக்கக் கூடாது: இந்த முத்திரைகள் எல்லாம் கடிகாரத்தின் வெளிக்கூட்டுக்கு உரியவை. கூடு செய்வது தனித் தொழில். கூட்டில் யாருடைய முதலெழுத்துகளாவது இருந்தால் அவை பெரும்பாலும் கூடு செய்தவருடையவை, உள்ளே ஓடும் மிஷினைச் செய்தவருடையவை அல்ல.

டயலில் பெயர் இல்லையே என்று வருந்தவும் வேண்டாம். பெயர் இருந்திருந்தாலும் பாதி விடைதான் கிடைத்திருக்கும். விற்கும் கடையின் பெயரை டயலில் எழுதுவது அன்றைய வழக்கம். பம்பாய், கல்கத்தா என்று ஊர்ப் பெயரோடு வரும் வெஸ்ட் எண்ட் வாட்ச் கம்பெனியின் கடிகாரங்கள் பலவற்றைத் திறந்தால் உள்ளே லாஞ்சின் என்ற சுவிஸ் நிறுவனத்தின் மிஷின் இருக்கும். 'ரோஸ்கோப்' என்ற பெயரும் அப்படித்தான். ஜார்ஜ் ஃபிரெடரிக் ரோஸ்கோப் 1867இல் உழைப்பாளிகள் வாங்கும் விலையில் ஒரு கடிகாரத்தைக் கொண்டுவந்தார். பிறகு அந்த முறையைப் பின்பற்றிய பலரும் 'ரோஸ்கோப் முறை' என்று டயலில் எழுதிக்கொண்டார்கள்.

அப்படியானால் எங்கே தேடுவது? மிஷினில்தான். பின்மூடிகளை நகத்தால் திறக்க முடியும். விளிம்பில் மெல்லிய உதடு போல ஓரிடம் இருக்கும். காய்கறிக் கத்தியை நுழைக்காதீர்கள், ஒரு கீறல் விழுந்தால் அது போகாது. நல்ல வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி வைத்து, ஆடும் பேலன்ஸ் சக்கரத்தின் ஓரம், அதன் அடித்தகடு, சக்கரங்களைத் தாங்கும் மேல்தகடுகளான பாலங்களின் விளிம்பு ஆகியவற்றைப் பாருங்கள். சின்னஞ்சிறு சின்னம் எங்காவது குத்தியிருக்கும். சிறகு விரித்த மணற்கடிகாரம் தெரிந்தால் லாஞ்சின். சிலுவைக் குறியோடு ஓர் எண் இருந்தால் சுவிஸ் காப்புரிமை எண். அந்தச் சட்டம் 1888இல்தான் வந்தது.

மேலே எதுவும் அகப்படாவிட்டால், டயலுக்கு அடியில் பார்க்க வேண்டும். பல மிஷின்களில் செய்தவர் சின்னம் அங்கேதான் ஒளிந்திருக்கிறது. இதை நீங்கள் செய்யாதீர்கள். பீங்கான் டயல் சிறு அழுத்தத்திற்கே விரிசல் விட்டுவிடும். பழைய மிஷின் தெரிந்த ஒரு வாட்ச் ரிப்பேர்க்காரரிடம் கொடுத்து, நீங்கள் அருகிலேயே உட்கார்ந்து, டயலைக் கழற்றியதும் தகட்டைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சின்னமே இல்லாவிட்டாலும் அந்தப் படம் வீண் போகாது. திருகை இழுத்தால் முள் திருப்பும் பாகங்கள் அங்கே இருக்கின்றன. அவற்றின் வடிவம் பட்டறைக்குப் பட்டறை மாறும், கைரேகை மாதிரி. தகட்டின் விட்டத்தையும் அளக்கச் சொல்லுங்கள். சுவிஸ்காரர்கள் 'லீன்' என்ற அளவில் சொல்வார்கள், ஒரு லீன் 2.256 மில்லிமீட்டர். 43 மில்லிமீட்டர் என்றால் 19 லீன். வடிவமும் அளவும் கையில் இருந்தால், பழைய உதிரிபாகப் பட்டியல்களில் உள்ள படங்களோடு ஒப்பிட்டு மிஷினை இனங்காண முடியும்.

ஆறு இலக்க எண் செய்தவர் தெரிந்த பிறகுதான் பயன்படும். லாஞ்சின் என்று உறுதியானால், சுவிட்சர்லாந்தின் செயின்ட் இமியர் ஊரில் அந்த நிறுவனம் காத்துவரும் பேரேடுகளில் அந்த எண்ணைத் தேடித் தருவார்கள். அமெரிக்க வால்தம், எல்ஜின் கடிகாரங்களுக்கு மிஷினில் உள்ள எண்தான் கணக்கு; கூட்டில் உள்ள எண் வேறு.

கடைசியாக அந்த 1098. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஊசிக்கீறல் என்றால் ரிப்பேர்க்காரர் கை. பழுது பார்த்தவர்கள் தேதியையோ தங்கள் கணக்கு எண்ணையோ மூடிக்குள் கீறி வைப்பார்கள். உங்கள் ஊர் அன்று திருவிதாங்கூர்ச் சீமை. செங்கோட்டையே 1956 வரை அங்கேதான் இருந்தது. அங்கே அந்தப் பக்கத்து ஆண்டுக்கணக்கான கொல்லம் ஆண்டில்தான் அன்று தேதி எழுதுவார்கள். 1098 என்பது கொல்லம் ஆண்டானால் 1922 ஆவணி முதல் 1923 ஆடி வரை. பெருவெள்ளம் வந்த '99'க்கு, அதாவது கொல்லம் 1099க்கு, முந்தைய ஆண்டு. ரயில் பாதை 1904இல் திறந்தது. அப்படியென்றால் பாதை வந்து பதினெட்டு ஆண்டு கழித்து உங்கள் கடிகாரம் ஏற்கெனவே பழுதுபார்க்கும் மேசைக்குப் போயிருக்கிறது. மூடியைச் சாய்த்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் பாருங்கள். அருகே மாதமோ நாளோ இன்னொரு கீறலாக இருக்கலாம்.

இதனால்தான் கெஞ்சிக் கேட்கிறேன், மூடிக்கு மெருகு போடச் சொல்லாதீர்கள். ஒரே தேய்ப்பில் காட்டுக்கோழியும் போகும், 1098ம் போகும். வெள்ளியை எடைக்குப் போடச் சொல்லும் கடைக்கும் போகாதீர்கள். அப்படிக் கூட்டை இழந்த மிஷின்கள் என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. நன்றாக ஓடக்கூடியவை, இனி யார் வீட்டுப் பொருள் என்று சொல்ல வழியில்லை. எண்ணெய் காய்ந்திருக்கும் என்பதால், ரிப்பேர்க்காரர் கழுவித் தரும்வரை சாவியும் கொடுக்க வேண்டாம். டயலுக்கு அடியில் எடுத்த படத்தையும் 1098 தெரியும் படத்தையும் எனக்கு அனுப்புங்கள்.