வீட்டின் மேல் இரண்டாவது பாண்ட் வேண்டாம்

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகளுக்கு இந்த வருடம் மெட்ரிக், பள்ளியின் கடைசி வருடம். கணக்கு நன்றாக வரும், உயிரியல் சுமார். டர்பனில் மருத்துவ இடம் கிடைக்காது என்பது ஏறக்குறையத் தெரிந்துவிட்டது. "வெளிநாட்டில் டாக்டருக்குப் படிக்கட்டும், வீட்டை அடமானம் வைத்து இன்னொரு பாண்ட் எடுங்கள்" என்கிறார் பெரியப்பா. மகளோ நம் முன்னோர் வந்திறங்கிய பழைய கப்பல் பட்டியல்களோடு உட்கார்ந்திருக்கிறாள். ஆய்வாளர்கள் யார் யாரை மேற்கோள் காட்டுகிறார்கள் என்று ஆராய்கிற துறை ஒன்று உண்டாம், அதற்குத்தான் போவேன் என்கிறாள். அப்படி ஒரு துறை இருக்கிறதா, அதில் பிழைக்க முடியுமா என்பது தாயின் கேள்வி.

அம்மா, உங்கள் தூக்கம் கெட்டது நியாயம்தான். ஆனால் முதலில் பாண்ட் விஷயத்தை முடித்துவிடுவோம். எடுக்காதீர்கள். வெளிநாட்டுக் கட்டணம் டாலரில் ஏறும், உங்கள் வீட்டுக்கு வருவது ராண்ட் சம்பளம். படிப்பு ஐந்தாறு வருடம். முடித்துத் திரும்பினால் மருத்துவர்களைப் பதிவு செய்கிற எச்.பி.சி.எஸ்.ஏ. அமைப்பின் தேர்வில் தேற வேண்டும். அதற்குப் பிறகு இரண்டு வருட இன்டர்ன்ஷிப், ஒரு வருட சமூக சேவை. இவ்வளவையும் முடித்த இளம் டாக்டர்கள், அரசிடம் பணம் இல்லாததால் வேலை கிடைக்காமல் தெருவில் இறங்கிப் போராடியதை நாம் எல்லோரும் செய்தியில் பார்த்தோம். மருத்துவத்தில் உயிரையே வைத்திருக்கும் பிள்ளையென்றால் வேறு வழி தேடியிருப்பேன். உங்கள் மகள் ஒரு தடவைகூட அதைக் கேட்டதில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கேட்பது பெரியப்பா. தவணை கட்டப்போவது அவர் இல்லை.

கணக்கியல், பொறியியல், ஆசிரியர் பயிற்சி பற்றிச் சொல்ல உங்கள் தெருவிலேயே ஆள் இருக்கும், அதை விட்டுவிடுகிறேன். மகள் கேட்கிற துறைக்கு வருவோம். பிப்ளியோமெட்ரிக்ஸ், சயின்டோமெட்ரிக்ஸ் என்று அதைச் சொல்கிறார்கள்.

ஒவ்வொரு ஆய்வுக் கட்டுரையும் தனக்கு முன் வந்த கட்டுரைகளை அடியில் குறிப்பிடுகிறது. அந்தக் குறிப்புகளைத் திரட்டினால் எந்தக் கட்டுரை எதிலிருந்து கிளைத்தது என்று தேடிப் பிடிக்கலாம் என்று யூஜின் கார்ஃபீல்ட் 1955-இல் எழுதினார். 1960களின் நடுவில் எதை யார் சுட்டினார்கள் என்று தேட உதவும் அவருடைய சயின்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ் புழக்கத்துக்கு வந்தது. இரண்டு கட்டுரைகள் ஒரே பழைய கட்டுரைகளைச் சுட்டினால் அவை ஒரே சிக்கலைப் பேசுகின்றன என்று 1963-இல் கெஸ்லர் என்ற ஆய்வாளர் காட்டினார். ஹென்றி ஸ்மால் 1973-இல் அதைத் திருப்பிப் போட்டார்: பிற்காலத்தவர் இரண்டு பழைய கட்டுரைகளைத் திரும்பத் திரும்பச் சேர்த்தே சுட்டினால், அந்த இரண்டுக்கும் உறவு இருக்கிறது. கல்யாணப் பத்திரிகைகளில் எப்போதும் சேர்ந்தே வருகிற இரண்டு பெயர்களை வைத்து நாம் சொந்தத்தைக் கண்டுபிடிப்பதில்லையா, அதே கணக்குதான். ஒயிட்டும் கிரிஃபித்தும் 1981-இல் இதைக் கட்டுரைகளிலிருந்து அவற்றை எழுதியவர்களுக்கு நீட்டினார்கள். அதிலிருந்து ஒரு துறையையே வரைபடமாகப் போட முடிந்தது. எந்தக் கூட்டம் எங்கே, இரண்டு கூட்டத்தையும் இணைக்கிறவர் யார், யாரை ஒருவரும் கவனிக்கவில்லை என்று பார்க்கலாம்.

இதில் மிகக் கடினமான வேலை, யார் யார் என்று பிரிப்பது. நம் ஊரில் அது இன்னும் கடினம். எஸ். நாயுடு, கே. பிள்ளை, எஸ். கோவெண்டர் என்ற பெயர்களில் எத்தனை ஆய்வாளர்கள்! ஒருவர் இருதய மருத்துவம் எழுதுவார், இன்னொருவர் கல்வியியல். கணினி இருவரையும் ஒருவராக்கிவிடும். அல்லது கல்யாணத்துக்குப் பிறகு பெயர் மாற்றிய ஒரு பெண்ணை இருவராக்கிவிடும். ஆய்வாளருக்குப் பதினாறு இலக்க ஓர்கிட் எண் தருகிற ஏற்பாடு 2012-இல் வந்ததே இதற்காகத்தான். பழைய கட்டுரைகளுக்கு அந்த எண் கிடையாது, ஆள்தான் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

இப்போது உங்கள் மகள் செய்ததைப் பாருங்கள். 1860 நவம்பர் 16-இல் ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து டர்பன் வந்தது முதல் 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கும் நேட்டாலில் இறங்கினார்கள். பெயரைக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதினார். ஒரே முனியம்மா மூன்று விதமாக வருவாள், பல முனுசாமிகள் ஒரே விதமாக வருவார்கள். ஒவ்வொரு கூலிக்கும் பதிவின்போது தந்த காலனி எண், தகப்பன் பெயர், வயது, கிராமம் இவற்றைப் பொருத்தி உங்கள் கொள்ளுப்பாட்டனைத் தேடி எடுத்திருக்கிறாள். "நேரத்தை வீணடிக்கிறாள்" என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தத் துறைக்காரர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்கிற வேலை அது.

சம்பளம் தருவது யார்? நம் பல்கலைக்கழகங்களுக்கு அங்கீகரிக்கப்பட்ட ஒவ்வொரு ஆய்வு வெளியீட்டுக்கும் உயர்கல்வித் துறை மானியம் தருகிறது. ஒரு கட்டுரையைப் பல பல்கலைக்கழகத்தார் எழுதியிருந்தால் பங்கு பிரியும். அதனால் எது யாருடையது என்று சரிபார்க்க ஒவ்வொரு ஆய்வு அலுவலகத்துக்கும் ஆள் வேண்டும். பல்கலைக்கழக நூலகங்கள், தேசிய ஆராய்ச்சி நிதியமான என்.ஆர்.எஃப்., அறிவியல் கொள்கை அமைப்புகள் என்று வேறு இடங்களும் உண்டு. ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத்தில் கிரெஸ்ட் என்ற மையம் இதையே ஆராய்கிறது, முதுநிலைப் படிப்பும் நடத்துகிறது. ஆப்பிரிக்கக் கண்டத்தில் இப்படி ஒன்று நம் நாட்டில் இருப்பது சின்ன விஷயமில்லை.

துறை சிறியது. விளம்பரத்துக்கு விளம்பரம் வேலை இருக்காது, டாக்டர் சம்பளமும் வராது. அதனால் மகளிடமும் கண்டிப்பாக ஒன்று சொல்கிறேன்: முதல் பட்டத்தில் புள்ளியியல் இருந்தே ஆக வேண்டும், கூடவே கணினி. குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் (யு.கே.இஸட்.என்.) வெஸ்ட்வில் வளாகத்தில் இரண்டும் இருக்கின்றன, வீட்டிலிருந்தே போய் வரலாம், விடுதிச் செலவு மிச்சம். இந்தத் துறையே பின்னால் பிடிக்காமல் போனாலும் அந்தப் பட்டத்துக்கு வங்கியிலும் காப்பீட்டு நிறுவனத்திலும் கதவு திறக்கும். குடும்ப வருமானம் வருடம் 3,50,000 ராண்டுக்குள் என்றால் அரசின் மாணவர் நிதியுதவித் திட்டமான நிஸ்ஃபாஸுக்கு விண்ணப்பியுங்கள். முதுநிலைக்கு என்.ஆர்.எஃப். உதவித்தொகை இருக்கிறது.

இந்த விடுமுறையில் அவளே சோதித்துப் பார்க்கட்டும். ஆய்வுக் கட்டுரைகளின் தரவுத்தளமான ஓப்பன்அலெக்ஸின் தரவு இலவசம், வரைபடம் போட லைடன் பல்கலைக்கழகத்தாரின் விஓஎஸ்வியூவர் மென்பொருளும் இலவசம். நேட்டால் ஒப்பந்தக் கூலிகளைப் பற்றிய ஆய்வுகளைத் திரட்டி வரைந்து பார்க்கட்டும். தமிழில் எழுதியவர்கள் பெரும்பாலும் அதில் இருக்க மாட்டார்கள், ஏனென்றால் இந்தத் தரவுத்தளங்கள் ஆங்கிலப் பக்கம் சாய்ந்தவை. வரைபடத்தில் காலியாக இருக்கிற இடம் உண்மையில் காலியா, அல்லது எண்ணப்படாமல் விடுபட்டதா என்று கேட்கத் தமிழ் தெரிந்த பிள்ளைகள் அங்கே போக வேண்டும். அதிக மேற்கோள் வாங்கியதே நல்ல ஆய்வு என்று நினைத்துவிடாமல் கட்டுரைகளை எடுத்துப் படிக்கவும் வேண்டும். பத்து நாளில் சலித்துவிட்டால் தாராளமாக வேறு படிப்பு பார்ப்போம். ராத்திரி சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்து வரவில்லை என்றால் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான சி.ஏ.ஓ. படிவத்தில் புள்ளியியலை முதல் தெரிவாகப் போடுங்கள்.

பெரியப்பாவிடம் பேசத் தயக்கமாக இருந்தால் அவரையும் அழைத்துக்கொண்டு வாருங்கள், நானே பேசுகிறேன். வங்கியில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் வாருங்கள்.