சஸ்குவஹானாவில் சாயங்காலம்: அந்தச் சாட்டைக் கயிற்றுக்காரர்கள் என்ன செய்கிறார்கள்?

தம்பி, நீங்கள் கேட்டது இதுதானே: அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் மெக்கானிக்ஸ்பர்க் வந்து எட்டு மாதம் ஆகிறது, ஐந்து மணிக்கு வேலை முடிந்தால் எட்டரை வரை வெளிச்சம் இருக்கிறது, அறையில் உட்கார்ந்து அலுத்துப்போகிறது, ஃபோர்ட் ஹன்டர் பக்கம் காரில் போகும்போது சஸ்குவஹானா ஆற்றின் நடுவில் இடுப்பளவுத் தண்ணீரில் ஒருவர் நின்றுகொண்டு கயிற்றைச் சாட்டை மாதிரி முன்னும் பின்னும் வீசிக்கொண்டிருந்தார், அது என்ன, நாமும் செய்யலாமா, செலவு எவ்வளவு, மீனைச் சாப்பிடலாமா.

அது ஃபிளை ஃபிஷிங், தூண்டிலில் மீன் பிடிக்கும் ஒரு முறை. செய்யலாம். பதினாறு வருடமாக நான் அந்த ஆற்றில்தான் நிற்கிறேன், நீங்கள் பார்த்தது என்னையாகக்கூட இருக்கலாம்.

முதலில் உரிமம், ஏனென்றால் நம் ஆட்கள் பயப்படுவது அதற்குத்தான். 16 வயது நிரம்பிய யாராக இருந்தாலும் பென்சில்வேனியா மீன் மற்றும் படகு ஆணையத்தின் உரிமம் வேண்டும், ஆன்லைனில் பத்து நிமிட வேலை. சோஷியல் செக்யூரிட்டி எண் கேட்பார்கள், இந்த மாநில ஓட்டுநர் உரிமம் இருந்தால் உள்ளூர்க்காரர் கட்டணம். விசாவைப் பற்றி என்னிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. ட்ரவுட் என்கிற குளிர்ந்த நீர் மீனைப் பிடிக்கப் போவதில்லை என்றால் அதற்கான கூடுதல் அனுமதியும் தேவையில்லை. ஜூலை 4 அன்று உரிமமே இல்லாமல் பிடிக்கலாம், அன்றைக்கு ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டுக்கூட முடிவு செய்யுங்கள். ஆற்றங்கரையில் சீருடைக்காரர் வந்து உரிமத்தைக் காட்டு என்றால் பதற வேண்டாம், அவர் எல்லோரிடமும்தான் கேட்பார். எனக்கு முதல் தடவை கை நடுங்கியது உண்மை. அவர் பார்த்துவிட்டு, எந்தப் பாறை இடுக்கில் மீன் நிற்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

சரி, அந்தச் சாட்டை விஷயம். நம் ஊர்த் தூண்டிலில் ஈயக்குண்டின் எடைதான் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். இதில் முள்ளில் கட்டியிருப்பது கொஞ்சம் இறகும் ரோமமும், எடையே கிடையாது, அதனால் எடையைக் கயிற்றுக்கே கொடுத்துவிட்டார்கள். தடித்த, மிதக்கும் கயிறு. அதைப் பின்னால் தூக்கி, அது முழுக்க நீண்டு கோலை லேசாக இழுக்கும்வரை பொறுத்து, பிறகு முன்னால் தள்ள வேண்டும். அந்தப் பொறுப்பதுதான் வராது. எனக்கு ஒரு கோடை முழுக்க வரவில்லை, என் தொப்பியையும் பனியனையும் பிடித்ததுதான் அதிகம். தண்ணீர் வேண்டியதில்லை, அபார்ட்மென்ட் புல்வெளியில் முள்ளுக்குப் பதில் ஒரு துண்டுக் கம்பளி நூலைக் கட்டி ஒரு வாரம் வீசிப் பழகுங்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்ப்பார்கள், பார்க்கட்டும்.

யூட்யூப் பார்த்துவிட்டு நேராக ட்ரவுட்டுக்குப் போகாதீர்கள். கார்லைலில் லெடோர்ட், பாய்லிங் ஸ்பிரிங்ஸில் எல்லோ பிரீச்சஸ் என்று சுண்ணாம்புப் பாறை ஊற்றிலிருந்து வரும் ஓடைகள் நமக்கு அரை மணி நேரத்தில் இருக்கின்றன, உலகம் முழுக்கப் பெயர் போனவை, மீனும் அந்தப் பெயருக்கேற்ற பிகுதான். கண்ணாடித் தண்ணீர், நம் நிழல் விழுந்தாலே ஓடிவிடும். சாதாரண ட்ரவுட் ஓடைகளில் கோடையில் தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டினால் அந்த மீனுக்கு மூச்சு முட்டும், பிடித்துத் திரும்ப விட்டாலும் செத்துப்போகலாம். சஸ்குவஹானாவில் ஜூலையில் தண்ணீர் 25, 26 டிகிரி இருக்கும், நமக்கும் குளிராது, ஸ்மால்மவுத் பாஸ் மீனுக்கும் அதுதான் சுகம். பழைய டென்னிஸ் ஷூ, அரைக்கால் சட்டை போதும். ரப்பர் காலுறை, அது இது என்று கடைக்காரர் காட்டுவதெல்லாம் அடுத்த வருடம்.

நான் முசிறிக்காரன். குளித்தலைக்கும் முசிறிக்கும் நடுவில் காவிரி எப்படி அகண்டு கிடக்கும் என்று பார்த்தவர்களுக்கு ராக்வில் ரயில் பாலத்தடியில் நின்றால் கொஞ்சம் தொண்டை அடைக்கும். 1902-இல் கட்டிய கல் பாலம், 48 வளைவுகள், ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளம், அத்தனை அகலத்துக்கும் ஆறு முட்டளவு, தொடையளவுதான் ஓடும். வித்தியாசம் என்னவென்றால் அடியில் மணல் கிடையாது, பாறை. ஆற்றுக்குக் குறுக்கே படிப்படியாகப் பாறை வரிசை, வரிசைக்குப் பின்னால் ஒரு பள்ளம், அந்தப் பள்ளத்தில்தான் பாஸ் நிற்கும். பாசி பிடித்த பாறை வழுக்கும், ஒரு ஊன்றுகோல் கட்டாயம். நான் ஒரு மொபைலையும் முழங்காலில் மூன்று தையலையும் கொடுத்துக் கற்றுக்கொண்டது அது.

கோல் ஒன்பது அடி, ஆறு அல்லது ஏழாம் எண் (கயிற்றின் எடையைக் குறிக்கும் எண்), மிதக்கும் கயிறு. கோல், சக்கரம், கயிறு எல்லாம் சேர்ந்த தொடக்கப் பெட்டி ஒன்று வாங்குங்கள், ஆயிரம் டாலர் கோல் பக்கம் திரும்பவே வேண்டாம். முள்ளில் இரண்டே வகை போதும். தண்ணீர் மேல் டப் டப்பென்று சத்தம் போடும் பாப்பர் ஒன்று, பொழுது சாய்ந்த பிறகு. வெளிச்சம் இருக்கும்போது கிளவுசர் மின்னோ. அது இந்த ஆற்றிலேயே பிறந்தது. கொஞ்சம் கீழே மிடில்டவுனில் கடை வைத்திருந்த பாப் கிளவுசர் என்பவர் 1980-களில் இந்த ஸ்மால்மவுத்துக்காகக் கட்டியது, லெஃப்டி கிரே என்ற பெரிய தூண்டில்காரர் அதற்கு அவர் பெயரையே வைத்துவிட்டார். மான் வால் ரோமம், கண்ணுக்குப் பதில் ஈயத்தில் இரட்டைக் குண்டு. குண்டை முள் தண்டின் மேல் பக்கம் கட்டியிருப்பதால் தண்ணீரில் முள் தலைகீழாகப் புரண்டு நுனி மேலே பார்த்தபடி போகும், பாறையில் அவ்வளவாக மாட்டாது. இன்றைக்குக் கடலில் பெரிய மீன் பிடிக்கிறவர்களும் இதைத்தான் போடுகிறார்கள். முள்ளின் உட்பக்க எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள், மீனுக்கும் நல்லது, உங்கள் காதுக்கும் நல்லது.

சாப்பிடுவது பற்றி: பாஸை நான் விட்டுவிடுகிறேன். 2005 கோடையிலிருந்து இந்த ஆற்றில் பாஸ் குஞ்சுகள் நோய் வந்து கூட்டமாகச் செத்தன, அதற்குப் பிறகு எண்ணிக்கை விழுந்து, பிடித்தால் உடனே விட வேண்டும் என்று ஆற்றின் நீண்ட பகுதிக்கு விதியே வந்தது. அந்தந்த வருட விதிப் புத்தகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். கெளுத்தி கிடைக்கும், நல்ல பெரிய கெளுத்தி. ஆனால் பொழுதுபோக்குக்குப் பிடிக்கும் எந்த மீனையும் வாரத்துக்கு ஒரு வேளைக்கு மேல் சாப்பிடாதே என்பது மாநிலம் முழுமைக்குமான பொது அறிவுரை. குழம்புக்கு ஆசை என்றால் ஹாரிஸ்பர்க்கில் மீன் கடை இருக்கிறது. என் மனைவி முதல் இரண்டு வருடம், மூன்று மணி நேரம் நின்று பிடித்ததைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டு வருகிற மனிதனை என்ன செய்வது என்று அவள் அம்மாவிடம் போனில் புலம்பிக்கொண்டிருந்தாள்.

ஒரே ஒரு இடத்துக்கு மட்டும் போகாதீர்கள். ஹாரிஸ்பர்க் சிட்டி தீவுக்குக் கீழே டாக் தெரு அணை இருக்கிறது. உயரம் அதிகம் இருக்காது, மேலிருந்து பார்த்தால் அணை இருப்பதே தெரியாது, தண்ணீர் வழவழவென்று போகும். விழுந்த இடத்தில் தண்ணீர் திரும்பத் திரும்பச் சுழற்றி உள்ளே இழுக்கும், நீச்சல் தெரிந்தவர்களும் படகோடு போனவர்களும் அங்கே செத்திருக்கிறார்கள். மேலே மலைப்பக்கம் மழை பெய்திருந்தால் எங்குமே இறங்காதீர்கள், ஹாரிஸ்பர்க் நீர்மட்ட அளவு ஆன்லைனில் தெரியும், நான் நான்கு அடிக்கு மேல் காட்டினால் வீட்டிலேயே இருந்துவிடுவேன். முதல் சில தடவை தனியாகப் போக வேண்டாம்.

அப்புறம் வெள்ளை ஈ. இதற்காகத்தான் இவ்வளவு எழுதுகிறேன். ஜூலைக் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதிவரை, எட்டரை மணி சுமாருக்கு, ஆற்றிலிருந்து ஈசல் மாதிரி வெள்ளைப் பூச்சி கிளம்பும். நம் ஈசல் மண்ணிலிருந்து வரும், இது ஆற்று அடியில் வளை தோண்டி வளர்ந்து தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வரும். முதலில் ஒன்று இரண்டு, பத்து நிமிடத்தில் பனி பெய்கிற மாதிரி. வாய் கிடையாது, சாப்பிடாது, காலும் பெரும்பாலும் சூம்பியிருக்கும், பறந்து, சேர்ந்து, முட்டையிட்டு அந்த ராத்திரிக்குள் முடிந்துவிடும். ஆறு முழுக்கப் பாஸ் மேலே வந்து சப்புக்கொட்டும் சத்தம் கேட்கும், எந்தப் பக்கம் வீசுவது என்றே தெரியாது, கையில் முடிச்சுப் போட வராது. கொக்கெல்லாம் போய்விட்டிருக்கும், வௌவால்தான் தலைக்கு மேல். இந்த ஆற்றிலேயே கீழே கொலம்பியா ஊர்ப் பாலத்தில் 2015 ஜூனில் இந்த மாதிரியே விளக்கைத் தேடி வந்த பூச்சி சாலையில் மெத்தையாகக் குவிந்து, மோட்டார் சைக்கிள்கள் சறுக்கி விழ, பாலத்தையே மூடினார்கள்.

ஆகஸ்ட் முதல் வாரம் ஒரு வெள்ளிக்கிழமை ஃபோர்ட் ஹன்டருக்கு ஏழு மணிக்கு வந்துவிடுங்கள், என்னிடம் கோல் ஒன்று உபரியாக இருக்கிறது. உரிமம் மட்டும் எடுத்துக்கொண்டு வாருங்கள். திரும்பும்போது கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டுத்தான் உள்ளே விளக்குப் போட வேண்டும், இல்லையென்றால் திங்கட்கிழமை அலுவலகம் போகும்வரை சீட்டுக்கு அடியிலிருந்து பொறுக்கிக்கொண்டிருப்பீர்கள்.