சில்லர் மெஷினை மாற்றும் முன் ஏஹெச்யு அறையைப் பாருங்கள்

"அலுவலகக் கட்டடத்தின் கரண்ட் பில்லில் பாதி ஏசிக்கே போகிறது, புது சில்லர் வாங்கினால் குறையுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டடம் முழுவதற்குமான ஏசிக்குத் தண்ணீரைக் குளிரவைத்துத் தரும் மெஷின்தான் சில்லர். யாரோ கொட்டேஷன் கொடுத்துவிட்டுப் போயிருப்பார்கள் என்று நினைக்கிறேன். அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள்.

நான் சென்னையில் சில்லர் பிளான்ட் பராமரிப்பில் இருப்பவன். ஓஎம்ஆரில் ஒரு கட்டடத்தை எடுத்தபோது எல்லா மாடி ஏஹெச்யுவிலும் (குளிர்ந்த காற்றை மாடிக்குத் தள்ளும் ஃபேன் பெட்டி) விஎஃப்டி, அதாவது ஃபேன் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி இருந்தது. அத்தனையும் மேனுவலில், 50 ஹெர்ட்ஸில், அதாவது முழு வேகத்தில் ஓடின. புழுக்கமாக இருக்கிறது என்று யாரோ சொன்னதற்காக வேகத்தைக் கூட்டியவர்கள் திரும்பக் குறைக்கவே இல்லை. ஏஹெச்யுவின் ஏர் ஃபில்டரைக் கழற்றினால் தூசி கம்பளி மாதிரி அப்பியிருந்தது. புழுக்கத்துக்குக் காரணமே அதுதான். கழுவிப் போட்டு 40 ஹெர்ட்ஸுக்கு இறக்கினோம். ஒரு மாடியிலிருந்தும் புகார் வரவில்லை. ஃபேன் வேகம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் அது இழுக்கும் மின்சாரம் கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். டக்ட்டில் (காற்று போகும் குழாய்) அழுத்தத்தை நிலையாக வைக்கும் அமைப்பில் இவ்வளவு கிடைக்காது என்று சிலர் சொல்வார்கள். சரிதான், அங்கேயும் மிச்சம் உண்டு.

அப்புறம் வெளிக்காற்று டாம்பர், அதாவது வெளிக்காற்றை உள்ளே விடும் மடிப்புக் கதவு. கொரோனா சமயத்தில் முழுசாகத் திறந்ததை அப்படியே விட்டிருந்தார்கள். சென்னைக் காற்றின் ஈரத்தை வடிக்கவே சில்லர் படாதபாடு பட வேண்டும். மூடச் சொல்லவில்லை, காற்றோட்டம் கட்டாயம் வேண்டும். கார்பன் டை ஆக்சைடு சென்சர் வைத்து ஆட்களுக்குத் தகுந்த மாதிரி திறக்கலாம். லாரித் தண்ணீர் ஊற்றும் இடமென்றால் சில்லரின் சூட்டைத் தண்ணீருக்கு மாற்றும் கன்டென்சர் டியூபில் உப்பு படிந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

இதெல்லாம் பிளான்ட் ஆபரேட்டருக்குத் தெரியும், அவரை யாரும் கேட்பதில்லை. கான்ட்ராக்ட் மாறும்போதெல்லாம் அதே ஆளைப் புது ஆளாகச் சேர்க்கிறார்கள், கிராஜுட்டிக் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து. வருடக்கணக்காக ராத்திரி ஷிப்ட் பார்த்தவர்கள் வெறுங்கையோடு போவதைப் பார்த்திருக்கிறேன். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சில்லரே வாங்கக் கூடாது என்று சொல்லவில்லை. இதையெல்லாம் சரிசெய்து, ஒரு மாத லாக்புக்கைப் பாருங்கள். வாட்டர் கூல்டு சில்லர் (தண்ணீரால் சூடு தணிக்கும் வகை) அப்போதும் ஒரு டன் குளிரூட்டலுக்கு ஒரு கிலோவாட்டுக்கு மேல் இழுத்தால் தாராளமாக மாற்றுங்கள். நல்ல புது மெஷின் 0.6 கிலோவாட் பக்கத்தில் ஓடும்.