ஆர்எக்ஸ் 580 செத்துவிட்டதா? – ஒரு கடிதம்

அன்பின் அண்ணா,

திருகோணமலை கோணேசபுரி வளாகத்தில் கணினி படிக்கிறேன். போன மாதம் ஏஎம்டியின் பழைய ஆர்எக்ஸ் 580 கிராபிக்ஸ் கார்ட் ஒன்று வாங்கினேன், 8 ஜிபி நினைவகம். கேம் எல்லாம் நன்றாக ஓடுகிறது. ஆனால் லினக்ஸில் ரொக்எம் (கார்டைக் கணக்கு வேலைக்குப் பயன்படுத்த ஏஎம்டி தரும் மென்பொருள்) போட்டு, செயற்கை நுண்ணறிவு மாதிரிகளுக்கான பைடோர்ச்சை ஓட்டினால் கார்டைக் கண்டுகொள்வதே இல்லை. நிரலுக்கு அமைப்பைச் சொல்லும் சூழல் மாறியில் வேறு சிப்பின் எண்ணைக் கொடுத்துப் பார்த்தேன், நிரல் அப்படியே விழுந்துவிட்டது. விற்றுவிட்டு வேறு வாங்கு என்கிறார்கள் நண்பர்கள். அம்மாவிடம் திரும்பவும் காசு கேட்க மனம் வரவில்லை. எனக்குத் தேவை, தமிழ் ஒலிப்பதிவுகளை எழுத்தாக்குவதும் சின்ன மொழி மாதிரி ஒன்றை ஓட்டிப் பார்ப்பதும்தான். இந்தக் கார்ட் செத்துவிட்டதா?

– உப்புவெளி வாசகர்

அன்பின் தம்பி,

சாகவில்லை. விற்காதீர்கள், அம்மாவிடம் காசும் கேட்க வேண்டாம்.

ஆர்எக்ஸ் 580 வந்தது 2017 ஏப்ரலில். ரொக்எம் முதலில் அதை ஏற்றுக்கொண்டதுதான், ஆனால் 4.0 பதிப்போடு கைவிட்டுவிட்டது. நல்ல நிலையில் இருக்கிற ஒரு கார்டை அவ்வளவு சீக்கிரம் விட்டது எனக்கு இன்றைக்கும் மனவருத்தம்தான். ஏன் ஓடவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன், அது தெரிந்தால் வழியும் தெரியும். ரொக்எம்மில் கணக்குப் போடும் நிரல்துண்டுகள் ஒவ்வொரு சிப்புக்கும் தனித்தனியாக, முன்கூட்டியே அந்தச் சிப்பின் மொழிக்குக் கம்பைல் ஆகி, நாம் இறக்கும் மென்பொருள் பொதிக்குள் வருகின்றன. உங்கள் சிப்பின் பெயர் ஜிஎஃப்எக்ஸ்803. பொதி கட்டுகிறவர்கள் அந்தப் பெயரை விட்டுவிட்டால், எல்லாவற்றையும் நீங்களே திரும்பக் கம்பைல் செய்தாலொழிய உங்கள் கணினியில் ஓடாது. வேறு எண்ணைக் கொடுப்பது, கட்டளைத் தொகுதி ஏறக்குறைய ஒன்றாக இருக்கிற அண்ணன் தம்பி சிப்புகளுக்குத்தான் சரிவரும். உங்களுடையதற்கு அப்படி ஒரு தம்பி பட்டியலில் இல்லை.

இதோடு இன்னொன்று: அந்தத் தலைமுறைக் கார்டுக்கு ரொக்எம், பிசிஐ எக்ஸ்பிரஸ் அடோமிக்ஸ் என்ற வசதியையும் மதர்போட்டிடம் கேட்கும். அது தெரியாமல் என் பழைய பெட்டியில் மூன்று இரவு இருந்தேன். உங்களுக்கு அது வேண்டாம்.

கேம்கள் கார்டோடு பேசுகிற பொது இடைமுகமான வல்கன் வழியாகப் போங்கள். அங்கே நிரல் ஸ்பிர்-வி என்ற இடைநிலை வடிவத்தில் வருகிறது, உங்கள் சிப்பின் மொழிக்கு மாற்றுகிற வேலை உங்கள் கணினியிலேயே, டிரைவருக்குள் நடக்கிறது. யாரும் உங்கள் கார்டின் பெயரைப் பட்டியலில் வைத்திருக்கத் தேவையில்லை. அந்த டிரைவர், லினக்ஸின் திறந்தமூல கிராபிக்ஸ் டிரைவர் தொகுப்பான மேசாவில் இருக்கிற ராட்வி. 2016இல் டேவ் ஏர்லியும் பாஸ் நியூவென்ஹுய்சனும் தொடங்கியது, ஏஎம்டி எழுதியதல்ல. அதற்குள் இருக்கும் ஏகோ கம்பைலர், கேம்கள் தடங்கலில்லாமல் ஓட வேண்டும் என்று ஸ்டீம் கேம் கடையை நடத்தும் வால்வ் நிறுவன ஆட்கள் எழுதியது, 2020இல் இயல்பு கம்பைலராக ஆனது. கேமுக்காக யாரோ எங்கோ உழைத்தது இப்போது உப்புவெளியில் தமிழ்ப் பேச்சை எழுத்தாக்க உதவப்போகிறது, இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷம். கேம் ஓடுகிறது என்றீர்களே, அப்படியென்றால் இந்த டிரைவர் அநேகமாக உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

சரி, செய்ய வேண்டியது: பேச்சை எழுத்தாக்கும் விஸ்பர் சிபிபி, மொழி மாதிரிகளை ஓட்டும் லாமா சிபிபி இரண்டையும் வல்கன் வசதியோடு கம்பைல் செய்யுங்கள். விஸ்பருக்குத் தமிழ் தெரியும், அதன் பெரிய மாதிரியே உங்கள் 8 ஜிபியில் அடங்கும். 4 பிட்டுக்குச் சுருக்கிய 7, 8 பில்லியன் அளபுரு மொழி மாதிரி ஏறத்தாழ 5 ஜிபிதான். கார்டின் நினைவக வேகம் நொடிக்கு 256 ஜிபி, அதனால் பதில் சொட்டுச் சொட்டாக வராது, வாசிக்கும் வேகத்துக்கு வரும். பைடோர்ச்சில் மாதிரிக்குப் பயிற்சி கொடுப்பதற்கு இந்த வழி உதவாது, அதை வளாக ஆய்வுகூடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கார்டில் கணக்குப் போட ஓப்பன்சிஎல் என்ற இன்னொரு இடைமுகத்தைக் கேட்கிற மென்பொருளுக்கு (படம் திருத்துகிற டார்க்டேபிள் மாதிரி) மேசாவிலேயே ரஸ்டிகல் இருக்கிறது. கரோல் ஹெர்ப்ஸ்ட் ரஸ்ட் மொழியில் தொடங்கியது, 2022 கடைசியில் மேசா 22.3 உடன் வந்தது. அது தானாக எழும்பாவிட்டால், அதற்குரிய சூழல் மாறியில் ரேடியான்எஸ்ஐ என்று உங்கள் கார்டுக்கான டிரைவரின் பெயரைக் கொடுக்க வேண்டும்.

அப்புறம் கார்டையும் ஒருமுறை கழற்றிப் பாருங்கள். 2022 செப்டெம்பரில் எதீரியம் என்ற மின்காசுக்காகக் கார்டுகளை ஓட்டுகிற மைனிங் நின்றதும் இந்த ரகக் கார்டுகள் நிறையப் பழைய சந்தைக்கு வந்தன, உங்களுடையதும் அப்படி வந்ததாக இருக்கலாம். மைனிங்குக்காக, கார்டுக்குள் பதிந்திருக்கிற இயக்க நிரலான பயாஸை மாற்றியிருந்தால் கணக்கு வேலையில் கார்ட் இடையில் தொங்கும். சில கார்டுகளின் மேல் ஓரத்தில் நகத்தால் தள்ளுகிற அளவில் ஒரு சுவிட்ச் இருக்கும், அதைத் தள்ளினால் இரண்டாவது பயாஸ். போன வருடம் நிலாவெளியில் ஒரு நண்பரின் கார்டைத் திறந்தேன். கடற்காற்றில் திருகாணித் தலைகளெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தன, சிப்பின் மேலிருந்த வெப்பம் கடத்தும் பசை காய்ந்த சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது. துடைத்துப் புதுப் பசை வைத்த பிறகுதான் விசிறியின் இரைச்சல் அடங்கியது.

முடித்துவிட்டு வல்கன்இன்ஃபோ கட்டளை காட்டும் கார்டின் பெயரையும் மேசா பதிப்பு எண்ணையும் எனக்கு எழுதுங்கள். பெயரில் ராட்வி என்று இருந்தால் மீதியைச் சேர்ந்து பார்க்கலாம்.