மூக்கில் இருக்கும் கிருமி முழங்காலுக்கு இறங்குமா?

கேள்வி: வயது 61, சர்க்கரை உண்டு. அடுத்த மாதம் முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷன். மூக்கில் பஞ்சு விட்டு எடுத்த டெஸ்டில் ‘ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ்’ இருக்கிறதாம். இந்தக் கிருமிகள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டு, ஆள் சேர்ந்ததும் ஒரே நேரத்தில் விஷம் கக்கும் என்று யூடியூபில் பார்த்தேன். வீட்டிலிருந்த அமாக்சிசிலினை இரண்டு நாள் போட்டேன். பேரனைத் தூக்கலாமா? தும்மல் இதனால்தானா? ஆபரேஷனைத் தள்ளிப்போடட்டுமா?
— வாசகி, கரூர்

பதில்: பேரனைத் தாராளமாகத் தூக்குங்கள் அம்மா. தும்மலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பத்துப் பேர் மூக்கில் பஞ்சு விட்டுப் பார்த்தால் சுமார் மூன்று பேரிடம் இதே கிருமி இருக்கும்.

யூடியூப்காரர் சொன்னது பாதி உண்மை. ஒவ்வொரு ஸ்டாஃபும் (ஸ்டாஃபைலோகாக்கஸை நாங்கள் சுருக்கமாக இப்படிச் சொல்வோம்) ஒரு சின்னப் புரதத் துண்டை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். சுற்றிலும் அது எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று தன் மேலுறையில் உள்ள ஏற்பியால் உணரும். மூக்கு திறந்த இடம், அங்கே அது அதிகம் தேங்குவதில்லை. அதனால் கிருமி பெரும்பாலும் ஒட்டிக்கொள்ளும் புரதங்களைத் தயாரித்துக்கொண்டு சும்மா கிடக்கும். சீழ்க்கட்டி போன்ற மூடிய இடத்தில் கூட்டம் பெருகினால்தான் ‘ஏஜிஆர்’ என்ற மரபணுத் தொகுப்பு வேகமெடுத்து, ரத்த அணுக்களைத் துளைக்கும் நச்சுகளைச் சுரக்க வைக்கும். ‘கோரம் சென்ஸிங்’ என்பது இதுதான். ஒளிரும் கடல் பாக்டீரியாக்களில் 1970-லேயே கண்ட சங்கதி, புதுப் பூதம் ஒன்றும் இல்லை. உங்கள் தோலிலும் மூக்கிலும் குடியிருக்கும் இன்னொரு ஸ்டாஃப், எபிடெர்மிடிஸ், தன் துண்டுகளால் ஆரியஸின் இந்த ஏற்பியை அடைத்துவிடக் கூடியது. அதை வீடியோவில் சொல்லியிருக்க மாட்டார்கள்!

அமாக்சிசிலின் விஷயத்தில்தான் எனக்குக் கோபம். யாரைக் கேட்டுப் போட்டீர்கள்? பெரும்பாலான ஸ்டாஃப் அந்த மருந்தை உடைத்துப் போட்டுவிடும். பென்சிலின் குடும்ப மருந்துகள் கொல்லப் போதாத அளவில் பட்டால், சில ஸ்டாஃப் வகைகள் நச்சை இன்னும் கூடுதலாகச் சுரப்பதை ஆய்வுக்கூடத்தில் பார்த்திருக்கிறார்கள். சர்ஜனிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

ஆபரேஷன் புண்ணில் சீழ் பிடித்தால் பல நேரம் நோயாளியின் சொந்த மூக்குக் கிருமியே காரணம். டெஸ்ட் எடுத்ததே அதற்காகத்தான். வழக்கமாக ஆபரேஷனுக்கு முன் ஐந்து நாள், தினம் இருவேளை மூக்கில் முபிரோசின் களிம்பும் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினிக் குளியலும் தருவார்கள். சர்ஜன் எழுதித் தந்தபடி செய்யுங்கள்.

கால் போய்விடுமோ என்ற பயம்தானே உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது? அதற்கு நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்றே. செயற்கை மூட்டின் உலோகத்தில் ஒட்டிய ஸ்டாஃப் அதிக நச்சு கக்காமல், பிசின் போன்ற படலத்துக்குள் பதுங்கிவிடும். காய்ச்சலே வராமல் போகலாம். அதனால் காய்ச்சலுக்காகக் காத்திருக்காதீர்கள். ஐந்து நாளுக்குப் பிறகும் தையலில் நீர் கசிந்தாலோ, குறைந்துகொண்டே வந்த வலி மறுபடி ஏறினாலோ அன்றைக்கே சர்ஜனிடம் போங்கள். அதற்கு முன் ஒரு ஆன்டிபயாடிக் மாத்திரைகூட வாயில் போடக் கூடாது. போட்டால் கல்ச்சரில், அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் டெஸ்டில், கிருமி சிக்காமல் போகலாம், எந்த மருந்து கேட்கும் என்று எங்களுக்கும் தெரியாது. ஆரம்பத்திலேயே திறந்து கழுவினால் மூட்டைக் காப்பாற்ற நல்ல வாய்ப்புண்டு. படலம் கெட்டியாகிவிட்டால் மூட்டையே கழற்ற வேண்டிவரும்.

தள்ளிப்போடுவதா? இந்த ரிப்போர்ட்டுக்காக வேண்டாம். ஆனால் மூன்று மாதச் சர்க்கரை சராசரி (HbA1c) என்னவென்று நீங்கள் எழுதவே இல்லை. அது எட்டு சதவீதத்தைத் தாண்டியிருந்தால் சர்ஜனே தேதியைத் தள்ளலாம். அதை இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.