துருப்பிடித்த ரோவர் கிடைத்தால் சாவியைத் தொடாதீர்கள்: கேள்வி பதில்

பிரிட்டனின் பழைய கார் கம்பெனியான ரோவர் விட்டுச்சென்ற சோதனைக் கார்களை (புரோட்டோடைப்) பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். சொன்னது தப்பில்லை, ஆனால் இவ்வளவு பேர் இருப்பீர்கள் என்று நினைக்கவில்லை. இங்கிலாந்தின் மிட்லண்ட்ஸ் பக்கம் பழைய வண்டிகளின் தகடு வேலைதான் என் பிழைப்பு. தகடு, பெயிண்ட், துரு என்றால் நீட்டிப் பேசுவேன். விலை என்றால் ஒரு வரி.

செந்தில், கோவை: புரோட்டோடைப் கார் எல்லாம் கம்பெனிக்குள்ளேயே இருக்கும், இல்லையென்றால் நசுக்கிவிடுவார்கள் என்கிறார்கள். நிஜமாகவே மறந்துபோய் எங்கேயாவது கிடந்து கிடைத்திருக்கிறதா?

கிடைத்திருக்கிறது, அதுவும் பிறந்த இடத்துக்குப் பக்கத்திலேயே. 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில்தான் ரோவர் தன் லேண்ட் ரோவரை முதல்முதலாக வெளியே காட்டியது. அதற்கு முன் வெள்ளோட்டத்துக்காகச் செய்த வண்டிகள் 48. ஆம்ஸ்டர்டாமில் நின்ற வண்டி அவற்றில் ஒன்று. காட்சி முடிந்ததும் அதைத் தங்கத்தட்டில் வைத்துக் காப்பாற்றினார்கள் என்று நினைக்காதீர்கள். கைமாறிக் கைமாறி உழைத்தது. 1960களில் ரோட்டில் ஓடுவது நின்றது. பிறகு வேல்ஸில் ஒரு வயலில் இருபது வருடம் நகராமல் நின்று, இன்ஜினை ஓட்டி மற்ற வேலைகளுக்குச் சக்தி எடுக்கும் யந்திரமாக இருந்தது. அதன்பின் ஒருவர் சரிசெய்யலாம் என்று வாங்கிப்போனார். வேலை முடியவில்லை. அது பிறந்த சோலிஹல் ரோவர் தொழிற்சாலையிலிருந்து சில மைல் தூரத்தில் ஒரு வீட்டுத் தோட்டத்தில் கிடந்தது. இன்ஜின் இறுகிப்போயிருந்தது.

லேண்ட் ரோவர்காரர்கள் கம்பெனி ஆவணங்களை மாதக்கணக்கில் புரட்டித்தான் இது அந்த வண்டிதான் என்று உறுதி செய்தார்கள். 2018 ஜனவரியில் அறிவிப்பு வந்தது. எனக்குப் பிடித்தது அவர்கள் சொன்ன அடுத்த விஷயம்: தேய்ந்த தோற்றத்தையும் பழைய இளம்பச்சைப் பெயிண்டையும் அப்படியே வைத்துக்கொண்டு வேலை செய்வோம் என்றார்கள்.

இந்த வண்டியில் பார்க்க வேண்டியது மூன்று. அலுமினியத் தகடு பின்னால் வந்த வண்டிகளைவிடத் தடிமன். சேஸிஸ், அதாவது அடிச்சட்டம், முழுக்கத் துத்தநாகப் பூச்சு. பின்பக்கத் தொட்டி கழற்றி மாட்டுவது போல. உற்பத்தி தொடங்கியதும் இவையெல்லாம் போய்விட்டன. எனவே ஒரு டிங்கரிங் ஆள் 'இது என்னடா, தகடு தடிமனா இருக்கு' என்று புதுத் தகடு போட்டு மாற்றியிருந்தால், அந்த வண்டியின் அடையாள அட்டையையே கிழித்துப் போட்டதாகும்.

மாலதி, பெங்களூரு: கார் என்றால் இரும்புதானே? ஏன் அலுமினியம்?

போருக்குப் பிறகு பிரிட்டனில் இரும்புத் தகடு ரேஷன். ஏற்றுமதி செய்தால்தான் ஒதுக்கீடு. விமானத்துக்குப் பயன்பட்ட அலுமினியம் கிடைத்தது. ரோவரின் தலைமைப் பொறியாளர் மௌரிஸ் வில்க்ஸ் அதை எடுத்துக்கொண்டார். பர்மாபிரைட் என்ற பெயரில் மக்னீசியம் கலந்த அலுமினியம்.

இதனால்தான் என் பிழைப்பு ஓடுகிறது. தகடு அலுமினியம், அது உட்காரும் சட்டம் இரும்பு. இரண்டு உலோகம் ஒட்டி நின்று நடுவில் ஈரம் புகுந்தால் அலுமினியம் தன்னைத்தானே தின்னக் கொடுக்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ரிவெட்டின் தலையைச் சுற்றிப் பெயிண்ட் லேசாகக் குமிழியிட்டிருக்கும். நகத்தால் அழுத்தினால் உள்ளே ஈரச் சுவரில் உப்புப் பூத்தது மாதிரி வெள்ளைப் பொடி கொட்டும். அந்த இடத்தில் தகட்டில் பாதிதான் மிச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தயவுசெய்து மணல் அடித்துச் சுத்தம் செய்யாதீர்கள். அலுமினியம் மிருதுவானது. மணல் பட்டால் மேல்தோலோடு எழுத்து, அச்சு, சுத்தியல் தடம் எல்லாம் போய்விடும்.

அருண், மதுரை: இன்ஜின் இறுகியிருந்தால் ஜம்ப் கொடுத்து ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலாமா?

கூடாது.

ஜோசப், நாகர்கோவில்: தள்ளி ஸ்டார்ட் பண்ணினால்?

அதுவும் கூடாது ஐயா. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் எண்ணெய் விட்டு, நாள்கணக்கில் ஊறவிடுங்கள். பிறகு முன்பக்க புல்லியில் ஸ்பானர் போட்டுக் கையால் மெல்ல, முன்னும் பின்னும். ஒரு மில்லிமீட்டர் அசைந்தாலே வெற்றி. பலவந்தம் செய்தால் பிஸ்டன் ரிங் உடையும். புரோட்டோடைப்புக்கு ரிங் எந்தக் கடையில் விற்கிறார்கள்?

பிரபு, துபாய்: ஆம்ஸ்டர்டாம் லேண்ட் ரோவர் இன்று என்ன விலை போகும்?

கேட்பவரையும் விற்பவரையும் பொறுத்தது.

தேன்மொழி, புதுச்சேரி: நான் கார் வடிவமைப்பு படிக்கிறேன். ரோவரில் பி6பிஎஸ் என்று ஒரு நடு-இன்ஜின் கார் இருந்ததாமே? அது ஏன் சாலைக்கு வரவில்லை?

நல்ல கேள்வி, உட்காருங்கள். ரோவர் பொறியாளர்கள் ஸ்பென் கிங், கார்டன் பாஷ்ஃபோர்ட் இருவரும் 1960களின் நடுவில் யோசித்த கார். அமெரிக்க பியூக்கிடமிருந்து ரோவர் வாங்கிய 3.5 லிட்டர் வி8 இன்ஜினை ஓட்டுநருக்குப் பின்னால் வைத்தார்கள், அதுவும் நட்ட நடுவில் இல்லை, சற்று ஒதுக்கி. அதனால் மூன்றாவது ஆளுக்கும் ஓர் இருக்கை கிடைத்தது. பார்க்க அழகில்லை. அது வேலை வண்டி, யாரையும் மயக்கச் செய்ததில்லை. அல்விஸ் என்ற இன்னொரு கார் கம்பெனியில் ஒன்றே ஒன்று செய்தார்கள். 1965-லேயே அல்விஸ் ரோவர் கைக்கு வந்துவிட்டது.

பிறகு நடந்தது கல்யாண வீட்டு அரசியல். 1967-ல் ரோவர், லாரி செய்யும் லேலண்ட் கம்பெனிக்குள் போனது. 1968-ல் பிரிட்டிஷ் லேலண்ட் என்ற பெருங்குடும்பம் உருவானபோது ஜாகுவாரும் அதே கூரைக்குக் கீழ் வந்தது. ஒரே குடும்பத்துக்குள் ஜாகுவாரின் இ-டைப்புக்குப் போட்டியாக இன்னொரு ஸ்போர்ட்ஸ் காரை யார் விடுவார்கள்? பி6பிஎஸ் ஒதுக்கப்பட்டது. நல்லவேளையாக நசுக்கவில்லை. இன்று கேடனில் பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தில் இருக்கிறது. நீங்கள் இங்கே வந்தால் இன்ஜின் மூடியைச் சுற்றியுள்ள கையால் அடித்த தகடுகளைக் குனிந்து பாருங்கள். படிப்பில் அதைச் சொல்லித்தர மாட்டார்கள்.

பாலாஜி, சென்னை: நம்ம ஊர் ஸ்டாண்டர்ட் 2000 ரோவர்தானே? அப்பாவின் வண்டி ஷெட்டில் இருக்கிறது. அதையும் புரோட்டோடைப் என்று சொல்லலாமா? ரொம்ப அரிது.

அரிது என்பது வேறு, புரோட்டோடைப் என்பது வேறு. தெரியாதவர்களுக்காக: ரோவர் எஸ்டி1 என்று 1976-ல் வந்த கார், டேவிட் பாச் வடிவமைத்தது, 1977-ல் ஐரோப்பாவின் சிறந்த கார் விருது வாங்கியது. அதன் உடற்கட்டை மெட்ராஸ் ஸ்டாண்டர்ட் மோட்டார்ஸ் எடுத்து, 1985-லிருந்து 1988 வரை ஸ்டாண்டர்ட் 2000 என்று விற்றது. உள்ளே வைத்த இன்ஜின் மட்டும் ஸ்டாண்டர்டுடைய மிகப் பழைய 1991 சிசி. புதுச் சட்டைக்குள் தாத்தா. கியர் நான்குதான். விற்பனைக்கு வந்த கார் என்பதால் அது உற்பத்தி வண்டி.

ரகுநாதன், தாம்பரம்: தவறு. பெருங்களத்தூர் ஃபாக்டரியில் என் மாமா வேலை பார்த்தார். விற்பனைக்கு முன்பு சோதித்த வண்டிகள் இருந்தன. அவை புரோட்டோடைப் இல்லாமல் வேறென்ன?

மாமாவுக்கு என் வணக்கம். ஆமாம், விற்பனைக்கு முன் கட்டிய வண்டிகள் இருந்திருந்தால் அவை புரோட்டோடைப்தான், அதில் வாதமே இல்லை. ஆனால் அது பாலாஜியின் அப்பா ஷோரூமில் வாங்கிய வண்டி ஆகாது. சோதனை வண்டி என்று சொல்ல மூன்றில் ஒன்றாவது வேண்டும்: சேஸிஸ் எண் வரிசைக்கு வெளியே இருக்க வேண்டும், அல்லது உற்பத்தியில் வராத பாகம் இருக்க வேண்டும், அல்லது கம்பெனிக் காகிதம் இருக்க வேண்டும். 'மாமா சொன்னார்' நான்காவது வகை. அதை நம்பத் தோன்றும், நிரூபிக்க முடியாது. மாமா இன்னும் இருக்கிறார் என்றால் உட்கார வைத்துப் பதிவு செய்யுங்கள். எந்தப் பட்டறையில், எந்த நிறத்தில், யார் ஓட்டினார்கள் என்று கேளுங்கள்.

விஜய், அடையாறு: இன்ஜின் ரோவர் இல்லை என்றால் ரோவர் என்று எப்படிச் சொல்வது? ஸ்டாண்டர்ட் 2000 ரோவரே இல்லை.

இப்படி ஆரம்பித்தால் விடியாது. அப்படிப் பார்த்தால் ரோவரின் புகழ்பெற்ற வி8 பியூக்குடையது. பி6பிஎஸ்ஸும் ரோவர் இல்லை என்றாகிவிடும்.

ரகுநாதன், தாம்பரம்: விஜய்க்குப் பதில்: அதே ஸ்டாண்டர்ட் கம்பெனியின் இங்கிலாந்துத் தாய்க் கம்பெனி டிரையம்ப் கார் கம்பெனியை வாங்கியது, பிறகு எல்லாம் லேலண்ட். அப்போது ரோவரும் ஸ்டாண்டர்டும் சொந்தக்காரர்களே.

சரியான வம்சாவளி. கவன்ட்ரி ஸ்டாண்டர்ட் 1940களிலேயே டிரையம்பை வாங்கியது, 1961-ல் லேலண்டிடம் போனது. ரோவர் ஆறு வருடம் கழித்து வந்து சேர்ந்தது. ஆக, ரகுநாதன் சார், பங்காளிகள்தான். விஜய் ரத்தம் கேட்கிறார், ரகுநாதன் வீட்டுப் பெயர் கேட்கிறார். என் கட்சி: உடற்கட்டு எந்த அச்சில் அடித்ததோ அந்த வீட்டுப் பிள்ளை. இதில் எஸ்டி1 ஓட்டும் ஆங்கிலேயர்களும் என்னோடு ஒத்துப்போவார்கள். அவர்களில் பலர் மெட்ராஸ் உதிரிபாகங்களால்தான் வண்டியை ஓட்டினார்கள். தேங்கிக் கிடந்த பாகங்களை ஓர் ஆங்கில வியாபாரி வாங்கிக்கொண்டு போனார்.

ஸ்டாண்டர்ட் 2000 பற்றி இன்னும் பதினெட்டுக் கேள்விகள் காத்திருக்கின்றன. எல்லாவற்றுக்கும் இதே பதில். பாலாஜி மட்டும் வண்டி மேல் போட்ட தார்ப்பாயை எடுத்துவிடவும். தார்ப்பாய் மழையைத் தடுக்கும், தரையிலிருந்து ஏறும் ஈரத்தை உள்ளே பூட்டிவைக்கும்.

குகன், யாழ்ப்பாணம்: அண்ணை, எங்கட வீட்டில ஏ40 சோமசெட் ஒண்டு நிக்குது. பொருளாதாரத் தடை நேரம் மண்ணெண்ணெயில ஓடினது. அது ரோவர் இல்லை, ஒஸ்டின் கம்பெனி, எண்டாலும் கேக்கிறன், என்ன செய்யலாம்?

தம்பி, அது புரோட்டோடைப் இல்லை. ஆனால் பாதுகாக்க வேண்டிய சரித்திரம், அதுவும் மேலே உள்ள எல்லாவற்றையும் விட உயிருள்ளது. பெட்ரோல் கொஞ்சம் விட்டு ஸ்டார்ட் பண்ணி, இன்ஜின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினார்கள் இல்லையா? அதற்காகச் செய்த மாற்றங்கள், அந்தச் சின்னப் போத்தலோ ட்யூபோ எது மிச்சம் இருந்தாலும் கழற்றாதீர்கள். 'ஒறிஜினல்' ஆக்குகிறேன் என்று யாராவது வந்தால் வாசலிலேயே தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள். ரோவர்காரர்களும் 1950-ல் ஜெட்1 என்ற டர்பைன் காரில் மண்ணெண்ணெய் எரித்தார்கள். 1952-ல் அது மணிக்கு 152 மைல் போனது. லண்டன் சயன்ஸ் மியூசியம் அதை வைத்திருக்கிறது. உங்கள் வண்டியை எந்த மியூசியமும் கேட்கவில்லை, அதனால் நீங்கள்தான் மியூசியம்.

சரவணன், சேலம்: பெயிண்ட் பழசா, புதுசா என்று எப்படித் தெரியும்? முழுவதும் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்துவிட்டால் என்ன?

அடித்துவிட்டால் முடிந்தது, அவ்வளவுதான். கதவுக்குள் பக்கம், கண்ணுக்குப் படாத இடத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு மிக நைஸ் சாண்ட்பேப்பரைத் தண்ணீரோடு வைத்துச் சரிவாகத் தேயுங்கள். வளையம் வளையமாக நிறம் வெளிவரும். வெளி வளையம் கடைசிப் பெயிண்ட், நடுவில் தகடு. தகட்டை ஒட்டியிருப்பது பிரைமர் என்ற அடிப்பூச்சு, அதற்கு அடுத்த நிறம்தான் தொழிற்சாலை நிறம். போட்டோ எடுங்கள், பக்கத்தில் அளவுகோல் வையுங்கள். அந்த வட்டத்தை மீண்டும் மூடாதீர்கள், மெழுகு மட்டும் தடவிவிடுங்கள். அடுத்த தலைமுறையும் பார்க்கட்டும்.

முருகேசன், ஈரோடு: பெயிண்ட் அப்படியே விடச் சொல்கிறீர்கள், அப்புறம் வண்டி அசிங்கமாகத்தானே இருக்கும்?

இருக்கட்டும்.

சந்தியா, லண்டன்: என் பக்கத்து வீட்டில் ஒரு பழைய காரை இனாமாகத் தருகிறேன் என்கிறார்கள். ஏதோ ரோவர் சோதனைக் கார் என்கிறார்கள். வி5 புத்தகம் இருக்கிறது. போதுமா?

போதாது. நம்மூர் ஆர்சி மாதிரி நினைத்துவிடாதீர்கள். வி5சி-யில் இருப்பது வண்டிக்குப் பொறுப்பாளர் பெயர், உரிமையாளர் என்பதற்கு அது சாட்சியில்லை. கையெழுத்திட்ட விற்பனைச் சீட்டோ தானச் சீட்டோ வாங்குங்கள். சேஸிஸ் எண்ணைக் கேடன் மியூசியத்தின் ஆவணக் காப்பகத்துக்கு எழுதிக் கேளுங்கள். தயாரிப்பு ஏட்டில் பதிவு இருந்தால் சான்றிதழ் தருவார்கள். வண்டியை இழுக்கும் முன் நாலு பக்கமும், அடியிலும், கதவுகளைத் திறந்தும் போட்டோ எடுங்கள். இருக்கைக்கு அடியில் எலி கூடு இருந்தால் அதிலேயே பழைய காகிதத் துண்டுகள் இருக்கும், குப்பையில் போடுமுன் பிரித்துப் பாருங்கள். பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், ஊதாதீர்கள்.

அருண், மதுரை: மறுபடியும் நான்தான். பேட்டரி புதுசாகப் போட்டு ஒரே ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணினால்?

அருண், வேண்டாம் என்றால் வேண்டாம்.

கிரிஜா, திருச்சி: நாலைந்து வருடமாக நிற்கும் காரில் பெட்ரோல் டேங்க் என்ன ஆகும்?

பெட்ரோல் நிறம் மாறி வார்னிஷ் போலப் பிசுபிசுப்பாகும், அடியில் தண்ணீர் நிற்கும், துருப் பொடி மிதக்கும். அப்படியே இன்ஜினுக்கு விட்டால் கார்ப்புரேட்டர் காலி. டேங்கைக் காலி செய்து, திறந்து காற்றாட விட்டு, உள்ளே சோதனைக் கண்ணாடியோ சின்ன கேமராவோ விட்டுப் பாருங்கள். வெல்டிங் செய்வதாக இருந்தால் பெட்ரோல் ஆவி முற்றிலும் போகும் வரை பக்கத்தில் நெருப்பு கூடாது, காலி டேங்க்தான் நிறைந்த டேங்கைவிட ஆபத்து. பழைய டேங்கைத் தூக்கிப் போடாதீர்கள். தற்காலிகமாக வேறு டேங்க் வைத்து ஓட்டுங்கள், பழையதை எழுதி ஒட்டி அலமாரியில் வையுங்கள்.

அனாமதேயம்: காயலான் கடையில் ஒரு லேண்ட் ரோவர் பார்த்தேன், இரண்டு நாளில் உடைத்துவிடுவார்களாம்.

சேஸிஸ் எண்ணைப் போட்டோ எடுத்து இன்றைக்கே அனுப்புங்கள். மற்ற கேள்விகள் நாளைக்கு.