டீ மெஷின் கம்பெனி வேலைக்கு மகளை அனுப்பலாமா?

ஐயா, ஈசிஇ படித்த பெண் டீ மெஷின் கம்பெனிக்குப் போகிறேன் என்கிறாள், சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்று கேட்டிருந்தீர்கள். சொந்தக்காரர்களை விடுங்கள். முதலில் அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

ஒருவர் யுபிஐயில் 15 ரூபாய் கட்டுகிறார். பாதி கப் நிரம்பும்போது கரண்ட் போய்விடுகிறது. திரும்ப வந்ததும் மீதியை ஊற்றுவதா, பணத்தைத் திருப்புவதா? எந்தக் கட்டத்தில் நின்றோம் என்பதை, கரண்ட் போனாலும் அழியாத மெமரியில் எழுதி வைத்திருந்தால்தான் மெஷினுக்குத் தெரியும். பாய்லரில் தண்ணீர் இல்லாமல் ஹீட்டர் ஓடினால்? அதற்கு புரோகிராமை மட்டும் நம்ப முடியாது. புரோகிராம் உறைந்து நின்றாலும் தானாகத் துண்டிக்கிற தெர்மல் கட்-அவுட் தனியாக வேண்டும். இப்படி யோசித்து சர்க்யூட் போர்டு வரைகிற வேலை அது. இந்தப் பழக்கம் கைவந்தவருக்கு வாஷிங் மெஷின், பெட்ரோல் பங்க் பம்ப், இவி சார்ஜர் என்று நாளைக்கு எந்தப் பக்கமும் போகலாம். முதல் சம்பளம் ஐடியைவிடக் குறையலாம்தான்.

என் கவலை வேறு. போர்டை வெளியே வாங்கிப் பெட்டிக்குள் பொருத்தி விற்கும் கம்பெனிகளும் உண்டு. அங்கே டிசைன் கற்க வழியில்லை. "ஸ்கீமேட்டிக் யார் வரைகிறார்கள், ஃபர்ம்வேர் யார் எழுதுகிறார்கள்?" என்று இன்டர்வியூவில் கேட்கச் சொல்லுங்கள். ஸ்கீமேட்டிக் என்பது சர்க்யூட்டின் வரைபடம், ஃபர்ம்வேர் என்பது போர்டுக்குள் ஓடும் புரோகிராம். பதில் மழுப்பலாக வந்தால் வேண்டாம். ஆனால் ஆறு மாதம் சர்வீஸில் போடுகிறோம் என்றால் பயப்படாதீர்கள். ஆவி பட்டுப் பால் பவுடர் கட்டியாகி வழியை அடைப்பதை வேறு எங்கே பார்ப்பது?

இன்னொன்று. இந்த மாதிரி மெஷின்களில் காசு, கார்டு வாங்கும் கருவிகள் பலவும் கன்ட்ரோலரோடு எம்டிபி என்ற பஸ்ஸில், அதாவது பொதுவான தகவல் இணைப்பில், பேசும். வேகம் வெறும் 9600 பாட்தான், அதாவது நொடிக்கு 9600 பிட். ஆனால் வழக்கமான 8 பிட்டோடு ஒன்பதாவதாக ஒரு பிட்டும் வரும்; கன்ட்ரோலர் அனுப்புவது முகவரியா தரவா என்பதை அதுதான் சொல்லும். இதைப் படித்துவிட்டுப் போகட்டும்.

அப்புறம், 24 வோல்ட் சோலினாய்டு வால்வு ஒன்று வாங்கிக் கொடுங்கள்; கம்பிச் சுருளில் கரண்ட் கொடுத்து இயக்கும் வால்வு அது. மாஸ்ஃபெட் என்ற எலக்ட்ரானிக் ஸ்விட்ச் வழியாக ஓட்டிப் பார்க்கட்டும். அணைக்கும்போதெல்லாம் சுருள் ஒரு பெரிய வோல்டேஜாகத் திருப்பி உதைக்கும். கன்ட்ரோலர் ரீசெட் ஆகலாம், மாஸ்ஃபெட்டே போய்விடலாம். சுருளுக்குக் குறுக்கே ஒரு டையோடைத் தலைகீழாகப் போட்டால் அடங்கிவிடும். ஏன் அடங்கியது என்று அவளே ஆசிலோஸ்கோப்பில், அதாவது வோல்டேஜ் ஏறி இறங்குவதைத் திரையில் காட்டும் கருவியில், பார்க்க வேண்டும். 230 வோல்ட் ஹீட்டர் பக்கம் இப்போதைக்குப் போக வேண்டாம்.

இன்டர்வியூவுக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது என்றீர்களே, சர்ட்டிஃபிகேட் ஃபைலோடு அந்த வால்வையும் பையில் போட்டு எடுத்துப் போகச் சொல்லுங்கள்.